ஆங்கிலத்தில் பெயரும் வினையும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பெறுவது எப்படி?

ஆங்கிலத்தில் 'லீவ்ஸ்' என்று எழுதப்பட்ட சொல்லைத் தனியாக எடுத்துப் பார்த்தால், அது 'இலைகள்' என்னும் பெயரா, 'புறப்படுகிறாள்' என்னும் வினையா, 'விடுப்புகள்' என்னும் இன்னொரு பெயரா என்று தீர்மானிக்க இயலாது. 'சா' என்பது ரம்பமாகவும் இருக்கலாம், 'பார்த்தாள்' என்னும் இறந்தகால வினையாகவும் இருக்கலாம். 'பில்டிங்' கட்டடத்தையும் குறிக்கும், 'கட்டிக்கொண்டிருக்கிற' என்னும் பொருளையும் தரும். மொழிபெயர்ப்புச் செயலிகள் பரவிய பிறகு இந்தக் குழப்பம் அன்றாடம் கண்ணில் படுகிறது. பயணச்சீட்டை முன்பதிவு செய்யச் சொல்லும் 'புக்' என்ற சொல் தமிழில் 'புத்தகம்' என்று வந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

பள்ளிப் பாடங்கள் இதை 'ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வரும்' என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. அந்த வரி தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு காரணங்களால் நடந்த பல நிகழ்வுகளை அது ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. எந்த வழியாக ஒரு சொல் இந்த நிலைக்கு வந்தது என்பது தெரிந்தால்தான் அதன் உச்சரிப்பும், அது ஏற்கும் ஈறுகளும், அகராதி அதை ஒரு பதிவாகத் தருகிறதா இரண்டாகத் தருகிறதா என்பதும் விளங்கும்.

தமிழில் உள்ள நிலை

தமிழிலும் பெயரும் வினையும் ஒரே வடிவில் வருவதுண்டு. 'அடி', 'வெட்டு', 'உதை' போன்ற வினைப்பகுதிகள் ஈறு எதுவும் ஏற்காமலே பெயராக நிற்கும்போது அவற்றை முதனிலைத் தொழிற்பெயர் என்கிறோம். 'ஓடு' என்பது ஏவல் வினையாகவும் கூரை வேயும் ஓடாகவும் வருவது வேறு வகை. அங்கே இரண்டு சொற்களுக்கும் பொருளில் உறவு இல்லை. இந்த இரு வகைகளும் ஆங்கிலத்திலும் உண்டு.

வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. தமிழில் இந்த ஒற்றுமை பெரும்பாலும் வெறும் பகுதியோடு நின்றுவிடும். 'வெட்டுகள்', 'வெட்டை', 'வெட்டினான்', 'வெட்டுகிறாள்' என்று ஈறு சேர்ந்தவுடன் பெயர் ஒரு பக்கமும் வினை ஒரு பக்கமும் பிரிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஈறு சேர்ந்த பிறகும் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலமும் ஏறத்தாழத் தமிழைப் போலவே இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் தொடக்கப் புள்ளி.

ஈறுகள் தேய்ந்த கதை

சுமார் 450 முதல் 1150 வரையிலான ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்பர். அக்காலத்தில் பெயருக்கு வேற்றுமை ஈறுகளும், வினைக்கு இடமும் எண்ணும் காட்டும் ஈறுகளும் இருந்தன. 'அன்பு' என்னும் பெயர் 'லுவு' என்றும், 'அன்பு செலுத்த' என்னும் வினை 'லுவியன்' என்றும் வழங்கின. 'முடிவு' என்பது 'எண்டெ', 'முடிக்க' என்பது 'எண்டியன்'. 'விடை' என்பது 'அண்ட்ஸ்வரு', 'விடையளிக்க' என்பது 'அண்ட்ஸ்வரியன்'. இவற்றில் எந்த இணையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வழியில்லை.

இந்த ஈறுகளை அழித்தது அசையழுத்தம். செருமானிய மொழிக் குடும்பத்தில் அழுத்தம் பொதுவாகச் சொல்லின் முதல் அசையில், அதாவது பகுதியில், விழும். இறுதி அசை அழுத்தமின்றி மெலிவாக ஒலிக்கும். பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் இந்த மெலிந்த அசைகளில் இருந்த அ, உ, ஒ, எ ஆகிய உயிர்கள் வேறுபாடு இழந்து, மங்கலான ஓர் உயிராகச் சுருங்கின. அதன் பின் நிகழ்ந்தவற்றை வரிசையாகச் சொல்லலாம்.

1. 'லுவு' என்னும் பெயர் 'லுவெ' ஆயிற்று.

2. 'லுவியன்' என்னும் வினை 'லுவென்' ஆகி, இறுதி னகர மெய்யும் உதிர்ந்து அதுவும் 'லுவெ' ஆயிற்று. பெயரும் வினையும் ஒன்றையொன்று தொட்ட இடம் இதுதான்.

3. பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் அந்தக் கடைசி எகரமும் பேச்சில் மறைந்தது. எழுத்தில் மட்டும் அது தங்கிவிட்டது. இன்று 'லவ்' என்னும் சொல்லின் இறுதியில் ஒலிக்காமல் நிற்கும் 'ஈ' என்ற எழுத்து அதன் எச்சம்.

இந்தத் தேய்வு வடக்கு இங்கிலாந்தில் முன்னதாகவும் தெற்கில் பிந்தியும் நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியிருந்த ஸ்காண்டிநேவிய மக்களின் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கியது. பகுதிகள் ஒத்திருந்தன, ஈறுகள் வேறுபட்டன. இரு சாராரும் கலந்து பேசும்போது ஈறுகள் சுமையாகி விரைவாக உதிர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆகவே 'லவ்', 'எண்ட்', 'ஆன்சர்' போன்றவற்றில் ஒரு சொல் இரண்டு வேலை செய்யவில்லை. தனித்தனி வடிவத்தோடு இருந்த இரண்டு சொற்கள் தேய்ந்து ஒரே உருவம் அடைந்தன.

எஞ்சிய ஈறுகளும் ஒன்றாயின

தேய்வுக்குத் தப்பிய ஈறுகள் மிகச் சில. அவற்றைக் கொண்டாவது பெயரையும் வினையையும் பிரித்தறிய முடிந்திருக்கும். ஆனால் அவையும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்து ஒரே வடிவில் சேர்ந்தன.

முதலில் 'எஸ்' ஈறு. பழைய ஆங்கிலத்தில் பன்மை காட்டப் பல ஈறுகள் இருந்தன. ஆண்பாற் பெயர்களில் ஒரு வகைக்கு மட்டும் 'அஸ்' என்பது பன்மை ஈறு. 'கல்' என்னும் பொருளுடைய 'ஸ்டான்' என்ற சொல் 'ஸ்டானஸ்' என்று பன்மையாகும். மற்ற ஈறுகள் மங்கியபோது இந்த 'அஸ்' மட்டும் சகர ஒலியின் வலுவால் நிலைத்து, ஏறக்குறைய எல்லாப் பெயர்களுக்கும் பரவியது. 'ஆக்ஸன்', 'சில்ட்ரன்', 'ஃபீட்', 'மைஸ்' போன்ற சில சொற்களே பழைய முறைகளின் சான்றாக எஞ்சியுள்ளன.

வினையில் வரும் 'எஸ்' இதற்குத் தொடர்பே இல்லாதது. தென்னிங்கிலாந்தில் படர்க்கை ஒருமை நிகழ்காலத்தின் ஈறு 'எத்' என்பதாகும். வடக்கு வட்டார வழக்கில்தான் அதற்குப் பதில் சகர ஈறு வழங்கியது. பத்தாம் நூற்றாண்டில் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கிடையே எழுதப்பட்ட வடபுல ஆங்கில உரையில் அதைக் காணலாம். அந்த வடக்கு ஈறு மெல்லத் தெற்கே இறங்கி, பதினாறாம் நூற்றாண்டில் லண்டன் வழக்கில் கலந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் 'ஹாத்', 'ஹாஸ்' இரண்டும் வருகின்றன. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியமோ பழைய 'எத்' ஈற்றையே போற்றிக் காத்தது. இறுதியில் வடக்கு வடிவமே வென்றது.

இதன் விளைவு விந்தையானது. பெயரில் 'எஸ்' சேர்ந்தால் பன்மை, வினையில் 'எஸ்' சேர்ந்தால் எழுவாய் ஒருமை. 'ஒரு நாய் குரைக்கிறது' என்றால் வினை 'எஸ்' பெறும், 'நாய்கள் குரைக்கின்றன' என்றால் பெயர் 'எஸ்' பெறும். தமிழ் மாணவர்கள் பன்மை எழுவாயின் வினைக்கும் 'எஸ்' சேர்த்துவிடுவதற்கு இந்த எதிர்மாறான பங்கீடே காரணம் என்று நினைக்கிறேன். இரண்டும் இரண்டு ஈறுகள், உருவம் மட்டும் ஒன்று என்று தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

அடுத்தது 'இங்'. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயர் ஈறு 'உங்' அல்லது 'இங்'. 'கற்றல்' என்பது 'லெயர்னுங்'. வினையின் எச்ச வடிவத்துக்கு ஈறு 'எண்டெ'. 'கற்கிற' என்பது 'லெயர்னியெண்டெ'. அதாவது நம் 'கற்றல்', 'கற்கிற' போலவே இரண்டும் தெளிவாகப் பிரிந்திருந்தன. பிற்காலத்தில் இந்த எச்ச ஈறு வட்டாரத்துக்கு வட்டாரம் 'இண்டெ', 'அண்டெ' எனத் திரிந்து, தெற்கிலும் நடுப்பகுதியிலும் தொழிற்பெயரின் 'இங்' வடிவத்துக்குள் அமிழ்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் பொது எழுத்து வழக்கில் இரண்டுக்கும் 'இங்' ஒன்றே நிலைபெற்றுவிட்டது.

மொழியியல் பாடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் 'ஃப்ளையிங் பிளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்' என்னும் வாக்கியம் இந்தச் சேர்க்கையிலிருந்து பிறந்தது. 'விமானம் ஓட்டுவது ஆபத்தாகலாம்' என்றும் கொள்ளலாம், 'பறக்கும் விமானங்கள் ஆபத்தாகலாம்' என்றும் கொள்ளலாம். தமிழில் இந்த ஐயத்தை அப்படியே எழுதிக்காட்டக்கூட முடியாது. தொழிற்பெயரும் பெயரெச்சமும் இங்கே தனித்தனி வடிவம் உடையவை.

ஈறே இல்லாத வகைமாற்றம்

ஈறுகள் உதிர்ந்த பிறகு, பெயரை வினையாக்க எதையும் சேர்க்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. வாக்கியத்தில் வினை நிற்கும் இடத்தில் பெயரை வைத்தால் போதும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பெருகிய பிரெஞ்சுச் சொற்களும் இந்தப் போக்கில் இணைந்தன. 'க்ரை', 'சேஞ்ச்' போன்றவற்றின் பெயர் வடிவமும் வினை வடிவமும் பிரெஞ்சில் தனித்தனியே இருந்தன. ஆங்கிலத்துக்குள் வந்த வினைகள் தம் பிரெஞ்சு ஈற்றை இழந்து பெயரோடு ஒன்றின.

அதன் பின் இந்த வழி அகலத் திறந்துவிட்டது. 'பட்டர்', 'ஹேமர்', 'வாட்டர்' ஆகிய பெயர்கள் வினையாயின. 'ரன்', 'வாக்' ஆகிய வினைகள் பெயராயின. ஒரு நிறுவனத்தின் பெயரான 'கூகுள்', 'இணையத்தில் தேடு' என்னும் பொருளில் வினையாக 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியது. நாம் அதையே 'கூகுள் பண்ணு', 'டிக்கெட் புக் பண்ணு' என்று துணைவினை சேர்த்துத்தான் சொல்கிறோம். காலமும் இடமும் காட்டும் ஈறுகளைத் தாங்க ஒரு தமிழ் வினை இருந்தாக வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

வகை மாறி வந்த வினை தன் பிறப்பை மறைத்துக்கொள்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. 'ரிங்' என்பது மணி ஒலிப்பதைக் குறிக்கும்போது இறந்தகாலம் 'ரேங்' ஆகும். அதே 'ரிங்' வளையம் என்னும் பெயரிலிருந்து பிறந்து 'சூழ்ந்துகொள்' என்று பொருள்படும்போது இறந்தகாலம் 'ரிங்ட்' ஆகும். காவலர்கள் கட்டடத்தை வளைத்தனர் என்று சொல்ல எந்த ஆங்கிலேயரும் 'ரேங்' என்று சொல்வதில்லை. பெயரிலிருந்து வந்த வினை ஒழுங்கான 'எட்' ஈற்றையே ஏற்கும் என்பது பொதுப் போக்கு. எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருந்தாலும் பேசுவோரின் மனத்தில் இவை இரண்டு சொற்களாகவே இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தற்செயலான சந்திப்புகள்

மேலே கண்டவற்றில் பெயருக்கும் வினைக்கும் வேரில் உறவு இருந்தது, அல்லது ஈறு மட்டும் ஒன்றாயிற்று. உறவே இல்லாத சொற்கள் ஒலிமாற்றத்தால் ஒன்றுபட்டதும் உண்டு. பெரும்பாலும் ஒழுங்கற்ற இறந்தகால வடிவங்களில்தான் இது நிகழ்கிறது.

1. 'சா': ரம்பம் என்னும் பெயர் பழைய ஆங்கிலத்தில் 'சகு'. 'பார்த்தான்' என்னும் வினை 'செயாஹ்'.

2. 'ரோஸ்': பூவின் பெயர் இலத்தீனின் 'ரோஸா'விலிருந்து வந்தது. 'எழுந்தான்' என்னும் வினை பழைய ஆங்கிலத்தின் 'ராஸ்'.

3. 'ஃபெல்ட்': கம்பளித் துணி வகையின் பெயர். 'உணர்ந்தான்' என்பதும் அதே வடிவம்.

4. 'கிரவுண்ட்': நிலம். 'அரைத்தான்' என்பதும் அதுவே.

இதற்கு மாறாக 'தாட்' என்னும் சொல்லில் 'எண்ணம்' என்ற பெயரும் 'எண்ணினான்' என்ற வினையும் ஒரே வேரில் கிளைத்தவை. பார்வைக்கு 'சா'வும் 'தாட்'டும் ஒரே மாதிரி இருந்தாலும் வரலாறு வேறு. இதனால்தான் நல்ல அகராதிகள் முதல் வகையை எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவுகளாகத் தருகின்றன.

எழுத்து ஒன்று, ஒலி இரண்டு

இதுவரை கண்டவற்றில் பெரும்பாலானவை எழுத்தில் மட்டுமன்றி ஒலியிலும் ஒன்றானவை. பேச்சு தெளிவாகப் பிரித்துக் காட்டுவதை எழுத்து மறைத்துவிடும் சொற்கள் இன்னொரு பெருந்தொகுதி.

'ஹவுஸ்' என்பதன் இறுதி ஒலி, வீடு என்னும் பெயரில் காற்றொலியாகவும், 'குடியமர்த்து' என்னும் வினையில் குரல்நாண் அதிரும் ஒலியாகவும் இருக்கும். 'யூஸ்' என்பதிலும் அப்படியே. 'ஹவுஸ்' போன்றவற்றில் இதன் காரணத்தைத் தமிழர் எளிதில் உணரலாம். தமிழில் 'பட்டு' என்பதில் டகரம் வன்மையாகவும் 'அடி' என்பதில் மென்மையாகவும் ஒலிக்கிறது. எழுத்து ஒன்றே, இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் 'எஃப்', 'எஸ்', 'த்' ஒலிகள் இப்படியே நடந்துகொண்டன. சொல்லின் இறுதியில் அதிர்வின்றியும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் அதிர்வோடும் ஒலித்தன. வீடு 'ஹூஸ்'. அதில் சகரம் இறுதியில் நின்றது. வினை 'ஹூசியன்'. அதில் சகரம் உயிர்களுக்கு நடுவில் நின்று அதிர்ந்தது. பிறகு ஈறு உதிர்ந்தது. அதிர்வுக்குக் காரணமான உயிர் போய்விட்டாலும் அதிர்வு மட்டும் நிலைத்துவிட்டது.

'எஃப்' ஒலிக்கு இந்த வேறுபாட்டைக் காட்ட 'வி' என்னும் எழுத்து கிடைத்தது. ஆகவே 'லைஃப்' என்னும் பெயரும் 'லிவ்' என்னும் வினையும், 'பிலீஃப்' என்னும் பெயரும் 'பிலீவ்' என்னும் வினையும் எழுத்திலும் பிரிந்தன. ஆனால் 'லைஃப்' பன்மையாகும்போது அங்கும் 'வி' வந்துவிடுவதால், 'லைவ்ஸ்' என்னும் பெயர்ப் பன்மையும் 'லிவ்ஸ்' என்னும் வினையும் மீண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் மோதுகின்றன.

இன்னொரு வேறுபாடு அழுத்தத்தின் இடம். 'ரெக்கார்ட்' என்று முதல் அசையை அழுத்தினால் பதிவு, 'ரிக்கார்ட்' என்று இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவு செய். 'ப்ரெசென்ட்', 'ப்ரிசென்ட்' என்பதும், 'ஆப்ஜெக்ட்', 'அப்ஜெக்ட்' என்பதும் இவ்வாறே. 1570இல் வெளியான ஓர் அகராதியில் இத்தகைய இணைகள் 'அவுட்லா', 'ரெபெல்', 'ரெக்கார்ட்' ஆகிய மூன்றே காணப்பட்டன. 1934க்குள் அவை ஏறத்தாழ 150 ஆகப் பெருகிவிட்டன. எனினும் 'ரிப்போர்ட்', 'சப்போர்ட்' போன்றவை பெயரிலும் வினையிலும் ஒரே இடத்தில் அழுத்தம் பெறுகின்றன. ஆகவே இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிடச் சொல் சொல்லாகக் கேட்டுப் பழகுவதே பயன் தரும்.

எழுத்து ஏன் இவற்றைக் காட்டவில்லை? 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய காலத்திலிருந்து எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தபோது அது பெரும்பாலும் உறைந்துவிட்டது. அதே நூற்றாண்டுகளில் நெட்டுயிர்களின் ஒலிப்பு அடியோடு மாறிக்கொண்டிருந்தது. காற்று என்னும் 'விண்ட்', சுற்று என்னும் 'வைண்ட்'. கண்ணீர் என்னும் 'டியர்', கிழி என்னும் 'டேர்'. ஈயம் என்னும் 'லெட்', வழிநடத்து என்னும் 'லீட்' ஆகியவை இன்று ஒரே எழுத்துகளில் அடைபட்டிருப்பது அந்த உறைவின் பயன்.

பிரிட்டிஷ் வழக்கில் மட்டும் ஒரு சிறு முயற்சி தெரிகிறது. 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' ஆகியவற்றைப் பெயராக வரும்போது 'சி' இட்டும் வினையாக வரும்போது 'எஸ்' இட்டும் எழுதுவர். அமெரிக்கர் முதலாவதை இரண்டிலும் 'சி' இட்டும், இரண்டாவதை இரண்டிலும் 'எஸ்' இட்டும் எழுதுகின்றனர். இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டிஷ் முறையே பாடநூல்களில் இருப்பதாலும், கணினிகள் அமெரிக்க முறையில் திருத்துவதாலும் இங்கே குழப்பம் இரட்டிப்பாகிறது.

விளைவுகள்

ஈறு சுமந்த வேலையைச் சொல்வரிசை ஏற்றுக்கொண்டது. முன்னால் சுட்டோ உடைமைச் சொல்லோ வந்தால் பெயர், துணைவினையோ எழுவாய்ச் சுட்டுப்பெயரோ வந்தால் பெரும்பாலும் வினை என்று வாசிப்பவர் அறிகிறார். இந்தக் குறிகள் சுருங்கும்போது வாக்கியம் தடுமாறும். 'தி ஓல்ட் மேன் தி போட்' என்பது இலக்கணப் பிழையற்ற வாக்கியம். 'முதியவர்களே படகை இயக்குகிறார்கள்' என்பது அதன் பொருள். ஆனால் 'மேன்' என்பதை வினையாகக் கொள்ள மனம் எளிதில் இசையாததால், முதல் வாசிப்பில் அது அறுந்த வாக்கியமாகத் தெரியும். சுட்டுகளையும் துணைவினைகளையும் கழித்துவிடும் செய்தித் தலைப்புகளில் இந்தத் தடுமாற்றம் மிகுதி.

கணினிக்கு இது இன்னும் கடினம். 1960களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாக்கியங்களைப் பகுக்க உருவாக்கிய நிரலிடம் 'டைம் ஃப்ளைஸ் லைக் ஆன் ஆரோ' என்ற வாக்கியத்தைக் கொடுத்தபோது அது பல பகுப்புகளைத் தந்தது. 'காலம் அம்பு போல விரைகிறது' என்பது ஒன்று. 'அம்பு அளப்பது போல ஈக்களின் நேரத்தை அளந்திடு' என்பது மற்றொன்று. 'கால ஈக்கள் அம்பை விரும்புகின்றன' என்பது இன்னொன்று. 'டைம்', 'ஃப்ளைஸ்', 'லைக்' மூன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட சொல்வகைகளில் வரக்கூடியவை என்பதால், இலக்கணம் மட்டும் அறிந்த நிரலுக்கு எல்லாம் சரியே.

எழுத்துப்பிழை திருத்திகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடக்கின்றன. ஹன்ஸ்பெல் போன்ற திருத்திகளின் ஆங்கிலச் சொற்கோப்பில் பகுதிக்கு அருகே 'எஸ்' என்னும் ஒரே குறி இடப்பட்டிருக்கும். அது பெயர்ப் பன்மையையும் வினையின் படர்க்கை ஒருமையையும் சேர்த்தே அனுமதிக்கும். எழுத்துக்கூட்டல் சரியா என்று மட்டும் பார்க்க அதுவே போதும். வாக்கியத்தில் அது பெயராக வந்ததா, வினையாக வந்ததா என்று கேட்கும் இலக்கணத் திருத்திக்கு அந்தக் கோப்பு எதுவும் சொல்லாது.

இன்றைய மொழிபெயர்ப்பு நிரல்கள் சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு வகையை ஊகிக்கின்றன, பெரும்பாலும் சரியாகவே. சுற்றிலும் சொல்லே இல்லாத இடத்தில்தான் அவை வழுக்குகின்றன. செயலியின் பொத்தானில் தனித்து நிற்கும் 'ஆர்டர்' என்பது வரிசையா, வாங்கப் பணித்த பொருளா, 'வாங்கு' என்னும் ஏவலா? 'வியூ' என்பது 'பார்' என்பதா, 'தோற்றம்' என்பதா? கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்களும் இதே சிக்கலைச் சந்திக்கின்றனர். அவர்களுக்கு வந்து சேர்வது சூழல் அறுபட்ட சொற்பட்டியல்தான். கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கருவியில் ஒவ்வொரு சொல்லுக்கும் சூழற்குறிப்பு சேர்க்க வசதி உண்டு. நிரலாளர் அதில் 'வினை' என்றோ 'பெயர்' என்றோ எழுதிவிட்டால், ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட இரண்டு சொற்களும் இரண்டு பதிவுகளாகப் பிரிந்து, தமிழில் இரண்டு வேறு சொற்களைப் பெறும்.